நாற்பதாயிரத்தைக் கொடுப்பதற்கு முன்பு

கேள்வி இதுதான்: அவனியாபுரத்தில் வங்கிக் கடன் வாங்கிக் கட்டிய வீடு. இன்னும் 15 லட்சம் பாக்கி, 12 வருடம் மிச்சம், 9 சதவீத வட்டி, மாதத் தவணை 17,070 ரூபாய். மேலமாசி வீதியில் வாடகைக்கு எடுத்திருந்த கடையை உரிமையாளர் இடித்துக் கட்டுகிறார். அதனால் சில மாதமாக வியாபாரம் இல்லை, இரண்டு தவணை நின்றுவிட்டது. சிம்மக்கல் பக்கம் ஒருவர், "பேங்க்ல எனக்கு ஆள் இருக்கு, டியூவைப் பாதியாக் குறைச்சுத் தர்றேன்" என்கிறார். முன்பணம் 40,000 ரூபாய் கேட்கிறார், கையெழுத்துப் போட்ட இரண்டு வெற்றுக் காசோலையும் கேட்கிறார். நம்பலாமா? இல்லையென்றால் யாரிடம் போவது? மனைவியின் நகையை வைத்துத் தவணை கட்டலாமா?

தம்பி, கொடுக்காதீர்கள். காரணத்தை அப்புறம் சொல்கிறேன், முதலில் கணக்கைப் பாருங்கள். நின்று போன இரண்டு தவணையும் சேர்ந்தே 34,140 ரூபாய்தான். அவர் கேட்கிற பணத்தை வங்கியில் கட்டினால் நிலுவை தீர்ந்து, காசோலை திரும்பியதற்கான கட்டணத்துக்கும் மிச்சம் இருக்கும். அந்தப் பணத்தை எங்கேயாவது புரட்ட முடியும் என்றால், அது போக வேண்டிய இடம் உங்கள் கடன் கணக்கு. இடையில் நிற்கிற ஆளின் சட்டைப்பை இல்லை.

நான் வங்கியின் கடன் பிரிவில் பல வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். திருநகரில் இருக்கிறேன். வாரத்துக்கு ஒருவராவது இதே கேள்வியோடு வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

முதலில் நாள் கணக்கு. தவணை நின்ற நாளிலிருந்து 30 நாள் வரை ஒரு கட்டம், 60 வரை இரண்டாவது, 90 வரை மூன்றாவது. 90 நாளைத் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும், வங்கியில் என்.பி.ஏ. என்பார்கள். இதற்கு முன்பும் பின்பும் உங்கள் நிலைமை வேறு வேறு. முன்பு என்றால், மிகப் பழைய தவணையைக் கட்டினாலே கணக்கு ஒரு மாதம் பின்னால் நகரும், மூச்சுவிட நேரம் கிடைக்கும். வாராக்கடன் ஆன பிறகு அப்படி ஒன்றிரண்டு கட்டி மீள முடியாது. நிலுவை முழுவதையும், வட்டியும் அசலும் சேர்த்து அடைத்தால்தான் கணக்கை மறுபடி ஒழுங்கான கணக்காக ஏற்பார்கள். ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. உங்கள் முதல் தவணை நின்று இப்போது 60 நாளை ஒட்டியிருக்கும். அதாவது ஒரு மாதம் கையில் இருக்கிறது. சிம்மக்கல் ஆள் "மூணு மாசம் பொறுங்க, பேசிக்கிட்டிருக்கேன்" என்று சொல்லிக் கழிப்பது இந்த ஒரு மாதத்தைத்தான். பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம், இந்த நாட்கள் போனால் திரும்பாது. எனக்கு அவர் மேல் இருக்கிற பெரிய கோபமே இதுதான்.

சரி, கடனை மாற்றி அமைப்பது என்றால் என்ன? நான்கு வேறு வேறு காரியங்களை மக்கள் ஒரே பெயரில் பேசுகிறார்கள்.

ஒன்று, வட்டியைக் குறைப்பது. உங்கள் கடன் பழைய முறை வட்டியில் இருக்கலாம். 2019 அக்டோபர் முதல் வங்கிகள் புதிதாகக் கொடுக்கிற மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ விகிதம் (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கிற கடனின் வட்டி) போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்படுகின்றன. பழைய கடனையும் ஒரு சிறு கட்டணம் கட்டி அதற்கு மாற்றிக்கொள்ளலாம். 9 சதவீதம் 8.25 ஆனால் உங்கள் தவணை சுமார் 16,443 ஆகும். மாதம் 627 ரூபாய் மிச்சம், 12 வருடத்தில் 90,000 ரூபாய். இதை எல்லோரும் செய்துகொள்ளலாம், கடன் வரலாற்றில் எந்தக் கறையும் விழாது. ஆனால் கடை இல்லாதவருக்கு 627 ரூபாய் பெரிய ஆறுதல் இல்லைதான்.

இரண்டாவது, காலத்தை நீட்டுவது. 12 வருடத்தை 18 ஆக்கினால் தவணை 14,047 ஆக இறங்கும். மாதம் 3,000 ரூபாய் குறைகிறது. ஆனால் மொத்தமாகக் கட்டுவது 24.58 லட்சத்திலிருந்து 30.34 லட்சமாக ஏறுகிறது. ஐந்தே முக்கால் லட்சம் கூடுதல். யாராவது உங்களிடம் முதல் எண்ணை மட்டும் சொல்லி இரண்டாவது எண்ணைச் சொல்லாமல் விட்டால், அவர் உங்கள் பக்கம் நிற்கிற ஆள் இல்லை. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ரெப்போ ஏறியதால் காலம் நீள்வது வேறு. கட்ட முடியவில்லை என்பதற்காக நிபந்தனையைத் தளர்த்தினால் அது மறுசீரமைப்பு, பேச்சில் ரெஸ்ட்ரக்சர். பொதுவாக அப்படிச் செய்த உடனே, ஒழுங்காக இருந்த கணக்கும் வாராக்கடன் பட்டியலுக்குப் போகும். குறைந்தது ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டிய பிறகுதான் மீளும், உங்கள் கடன் வரலாற்றைக் காட்டுகிற சிபில் அறிக்கையிலும் பதிவாகும். கொரோனா சமயத்தில் 2020 ஆகஸ்டிலும் 2021 மே மாதத்திலும் இதற்குச் சிறப்புச் சலுகை கொடுத்தார்கள். அதை நினைவில் வைத்துக்கொண்டு "அரசாங்கத் திட்டம் இருக்கு" என்று இன்னும் சொல்லித் திரிகிறவர்கள் உண்டு. அந்தத் திட்டங்களின் காலம் எப்போதோ முடிந்துவிட்டது.

மூன்றாவது, வேறு வங்கிக்கு மாற்றுவது. தவணை நிற்காதவர்களுக்குத்தான் இது சரிப்படும். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டியே அடைக்கத் தனிநபர்களிடம் அபராதம் வாங்கக் கூடாது, அதனால் பழைய வங்கி தடுக்க முடியாது. ஆனால் புது வங்கியின் பரிசீலனைக் கட்டணம், வழக்கறிஞர் கருத்துரை, சார்பதிவாளர் அலுவலகத்தில் மறுபடி எம்.ஓ.டி. (பத்திரத்தை வங்கியில் அடமானமாக வைத்ததற்கான ஆவணம்) பதிவு என்று செலவு வரிசையாக வரும். உங்களுக்கு இப்போது இது வேண்டாம்.

நான்காவது, ஓ.டி.எஸ். என்கிற ஒரே தடவைத் தீர்வு. பாக்கியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து மீதியை மொத்தமாக வாங்கிக் கணக்கை முடிப்பது. மொத்தமாகக் கட்டப் பணம் இருப்பவருக்குத்தான் இது. கடன்காரர் அதை உரிமையாகக் கேட்க முடியாது, வங்கி விரும்பினால்தான் கொடுக்கும் என்று உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் சொல்லிவிட்டது. "ஓ.டி.எஸ். வாங்கித் தர்றது என் பொறுப்பு" என்று எவர் சொன்னாலும் அந்தப் பேச்சுக்கு மதிப்புக் கிடையாது.

இந்த நான்கில் எதற்கும் தரகர் தேவை இல்லை என்பதைக் கவனித்தீர்களா? கடனின் நிபந்தனையை மாற்றுகிற அதிகாரம் கடன் கொடுத்தவரிடம் மட்டும்தான் இருக்கிறது. அந்தக் கதவைத் தட்ட வேண்டியவர் கடன் வாங்கியவர். நடுவில் நிற்கிறவர் செய்கிற வேலை, நீங்களே எழுத வேண்டிய கடிதத்தை உங்கள் பெயரில் எழுதுவது. பல பேர் அதைக்கூடச் செய்வதில்லை.

அதனால் நாளைக்கே கிளைக்குப் போங்கள். முதலில் கணக்கு அறிக்கையை வாங்குங்கள். அதில் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, அபராதம் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். அபராதத்தை வட்டி விகிதத்தில் ஏற்றி, அதற்கு மேல் வட்டி போடக் கூடாது, தனிக் கட்டணமாகத்தான் வாங்க வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கிறது, 2024 முதல் நடைமுறையில் இருக்கிறது. கணக்கில் அது சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள். நீங்கள் கட்டுகிற பணத்தை முதலில் பழைய தவணையில் வரவு வைப்பார்களா, கட்டணத்தில் கழிப்பார்களா என்றும் கேளுங்கள். கிளை மேலாளருக்கு வீட்டுக் கடன் விஷயத்தில் பெரும்பாலும் தனி அதிகாரம் இருக்காது, மண்டல அலுவலகத்துக்கோ கடன் மையத்துக்கோ அனுப்ப வேண்டியிருக்கும். "இதை முடிவு பண்ணுகிற அதிகாரி யார் சார்?" என்று கேட்டு, கடிதத்தில் அவர் பதவியையும் குறிப்பிடுங்கள்.

கடிதம் ஒரு பக்கம் போதும். அழுகை வேண்டாம், எண்கள் வேண்டும். இந்த மாதிரி எழுதலாம்:

"ஐயா, என் வீட்டுக் கடன் கணக்கில் இரண்டு தவணை நிலுவையில் உள்ளது. கடைக் கட்டடம் இடிக்கப்பட்டதால் எனக்கு வருமானம் நின்றுவிட்டது. கட்டட உரிமையாளரின் கடிதத்தை இணைத்துள்ளேன். மாற்றுக் கடை பார்த்து வருகிறேன். தற்போது குடும்பத்தின் மாத வருமானம் இவ்வளவு, வீட்டுச் செலவு இவ்வளவு. இதில் மாதம் இத்தனை ரூபாய் என்னால் கட்ட முடியும். ஒரு தவணையை இந்த வாரமே கட்டுகிறேன். கடனை வெளி அளவுகோல் வட்டிக்கு மாற்றவும், நிலுவையைச் சில மாதங்களில் பிரித்துக் கட்டவும் அனுமதி கோருகிறேன். மறுசீரமைப்புதான் வழி என்றால் அதனால் என் கணக்கின் வகைப்பாடு எப்படி மாறும் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்."

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். போடமாட்டோம் என்றால் சண்டை போடாமல் அதே கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். வாயால் பேசியது எதுவும் வங்கியில் நிற்காது. நீங்கள் பேசிய அதிகாரி அடுத்த மாதமே விருதுநகருக்கு மாற்றலாகிப் போயிருப்பார்.

30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் சரியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம், புகார் செய்யலாம். கட்டணம் கிடையாது, இணையத்திலேயே பதியலாம், விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: வங்கி உங்கள் கடனை மாற்றி அமைக்க மறுத்தால், அது அவர்களுடைய வணிக முடிவு என்று ஒம்புட்ஸ்மேன் ஒதுங்கிவிடுவார். தப்பான கட்டணம், பதிலே சொல்லாமல் இழுத்தடிப்பது, வசூல் ஆட்களின் அத்துமீறல் இதற்கெல்லாம் அங்கே நியாயம் கிடைக்கும். வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் கூப்பிடக் கூடாது என்பது விதி. உங்களுடையது வங்கிக் கடன் என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படிக்கிற வேறு யாராவது வீட்டுக் கடன் நிறுவனத்தில் வாங்கியிருந்தால் தேசிய வீட்டுவசதி வங்கியிடமும், கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தில் வாங்கியிருந்தால் துணைப்பதிவாளரிடமும் போக வேண்டும்.

இனி, வெளியே யாரை நம்புவது என்ற கேள்வி.

செல்லூரிலிருந்து ஒரு அம்மா வந்தார், மூன்று வருடம் இருக்கும். கணவர் தறி வைத்திருந்தவர், இறந்து எட்டு மாதம். கையில் ஒரு மஞ்சப்பை. வங்கியிலிருந்து வந்த தபால்களையெல்லாம் பிரிக்காமல் அதற்குள் போட்டு வைத்திருந்தார். பிரித்தால் மனசு கெட்டுவிடும் என்று பயம். கடனை மாற்றித் தருவதாகச் சொன்ன ஒருவருக்கு அதற்குள் 15,000 ரூபாய் கொடுத்தாயிற்று. அந்த ஆள் இந்தப் பையைத் திறந்து பார்க்கவே இல்லை. நானும் என் மனைவியும் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு உறையாகக் கிழித்துத் தேதிவாரியாக அடுக்கினோம். அடியில், கடன் கொடுத்தபோதே வங்கி போட்டுவிட்ட காப்பீட்டுச் சான்றிதழ் இருந்தது. பிரீமியத்தைக் கடனோடு சேர்த்தே பிடித்திருந்தார்கள். கடன்காரர் இறந்தால் பாக்கியைக் காப்பீட்டு நிறுவனம் அடைக்கும் என்று அதில் அச்சடித்திருந்தது. இறப்புச் சான்றிதழோடு விண்ணப்பித்தோம். கடனில் பெரும்பகுதி அதிலேயே அடைந்தது. அந்த அம்மாவுக்குத் தேவைப்பட்டதெல்லாம் அந்தப் பையைப் பொறுமையாகப் படித்துப் பார்க்க ஒருவர்.

அதிலிருந்து நான் ஆளைப் பார்க்கிற விதமே இதுதான். உதவுகிறேன் என்று வருகிறவர் முதலில் காகிதத்தைக் கேட்கிறாரா, காசைக் கேட்கிறாரா? நம்பத் தகுந்தவர் அனுமதிக் கடிதம், கணக்கு அறிக்கை, வந்த நோட்டீஸ் மூன்றையும் படிக்காமல் வாயைத் திறக்கமாட்டார். படித்த பிறகு உங்களுக்குப் பிடிக்காத ஒன்றையாவது சொல்வார். கட்டணம் வாங்கினால் தன் பெயரில் ரசீது கொடுப்பார். உங்களையும் வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போவார். "நீங்க வர வேண்டாம், பேங்க்காரங்க போன் பண்ணா எடுக்காதீங்க" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

காசில்லாமல் நல்ல ஆலோசனை கிடைக்கிற இடம் மதுரையிலேயே இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வழக்கறிஞர் கொடுப்பார்கள். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு, உங்களுக்கு இப்போது வருமானம் நின்றிருப்பதால் கேட்டுப் பாருங்கள். உங்கள் மனைவி இந்தக் கடனில் இணைக் கடன்காரராக இருந்தால் அவர் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள். அவர்கள் நடத்துகிற மக்கள் நீதிமன்றத்தில் வங்கிகள் வந்து உட்கார்ந்து பேசுகின்றன. அங்கே எழுதிய தீர்வின் மேல் மேல்முறையீடு கிடையாது, அதனால் கட்ட முடியாத தொகைக்கு அங்கே கையெழுத்துப் போடாதீர்கள். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுத்தால் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளருக்கு அனுப்புவார்கள். வங்கி பதிலே சொல்லாமல் இருக்கிறபோது அந்த மனு கொஞ்சம் அசைத்துவிடும்.

காசு கொடுத்து வழக்கறிஞர் வைப்பதானால், கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில், அதாவது டி.ஆர்.டி.யில், வழக்கு நடத்துகிறவராகப் பாருங்கள். மதுரையிலேயே டி.ஆர்.டி. இருக்கிறது. அவருடைய பார் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது அவர்கள் தொழில் விதி. ஆகவே "வீட்டு ஏலத்தை நிறுத்தித் தருகிறோம்" என்று சுவரொட்டியும் வாட்ஸ்அப் செய்தியும் போடுகிறவரை வழக்கறிஞர் என்று நினைத்துப் போகாதீர்கள்.

சில வலைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். "கடன் தள்ளுபடிச் சான்றிதழ்" என்று ஒன்றை விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒன்று கிடையாது. ரிசர்வ் வங்கியே 2023 டிசம்பரில் பொதுமக்களை எச்சரித்தது. இன்னொன்று, வங்கி நடவடிக்கைக்கு முன்சீப் கோர்ட்டில் தடை வாங்கித் தருகிறேன் என்பது. அடமானச் சொத்தை நீதிமன்றத்துக்குப் போகாமலே வங்கி எடுத்து விற்க வழி செய்வது சர்ஃபாசி சட்டம். அதன் 34-ஆம் பிரிவு உரிமையியல் நீதிமன்றத்தை இந்த விஷயத்தில் பொதுவாகத் தலையிட விடாது. ஒத்தக்கடைப் பக்கம் உயர் நீதிமன்றக் கிளைக்கு நேராகப் போனாலும், டி.ஆர்.டி. இருக்கும்போது இங்கே ஏன் வந்தீர்கள் என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள்.

எல்லாவற்றிலும் மோசமானது கிரயம் எழுதிக்கொடுக்கச் சொல்வது. "பேங்க் பாக்கியை நான் அடைக்கிறேன், வீட்டை என் பேருக்கு ஒரு ஒப்பந்தமும் பவரும் எழுதிக் கொடுங்க, பணம் வந்ததும் ரத்து பண்ணிக்கலாம்" என்று இனிக்க இனிக்கப் பேசுவார்கள். என்னோடு படித்த ஒருவன் அப்படிப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டான். ஆறு லட்சத்துக்காக. வங்கிக் கடன் அடைந்தது உண்மைதான். பதினோரு மாதம் கழித்து வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தபோது வீடு மூன்றாவது ஒரு ஆள் பெயரில் இருந்தது. வாய்ப்பேச்சில் அடமானம், காகிதத்தில் விற்பனை. நீதிமன்றத்தில் பேசுவது காகிதம். வங்கி ஏலம் போட்டால்கூட முறைப்படி நோட்டீஸ், நாள், கணக்கு எல்லாம் உண்டு, கடன் போக மீதி உங்களுக்குத்தான் வரும். இங்கே அதுவும் இல்லை. வெற்றுக் காசோலையும் இந்த வகைதான். நாளைக்கு அதில் ஐந்து லட்சம் என்று எழுதிப் போட்டுத் திரும்பினால், நீங்கள் காசோலை வழக்கில் எதிரியாகக் கூண்டில் நிற்க வேண்டியிருக்கும்.

உங்களுக்கு இன்னும் நோட்டீஸ் வரவில்லை. ஆனாலும் வரிசையைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வாராக்கடன் ஆன பிறகு சர்ஃபாசி சட்டத்தின் 13(2) பிரிவில் முழுப் பாக்கியையும் கேட்டு நோட்டீஸ் வரும், கட்ட 60 நாள். அதற்குள் உங்கள் ஆட்சேபணையை எழுதிக் கொடுத்தால் 15 நாளில் வங்கி காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும். இந்த ஆட்சேபணைக் கடிதத்தை முக்கால்வாசிப் பேர் எழுதுவதே இல்லை. பிறகு வரும் வழக்கில் அது எவ்வளவு உதவும் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. 60 நாள் முடிந்தால், வீட்டை வங்கி தன் வசம் எடுத்துக்கொண்டதாகச் சொல்கிற சுவாதீன நோட்டீஸ் வீட்டில் ஒட்டப்படும், இரண்டு செய்தித்தாளிலும் வரும். அதிலிருந்து 45 நாளுக்குள் டி.ஆர்.டி.க்குப் போகலாம். ஏல அறிவிப்பு வெளியாகும் முன்பே முழுப் பாக்கியும் கட்டி வீட்டை மீட்கிற உரிமை உண்டு, வெளியான பிறகு என்றால் அது கஷ்டம். எந்தத் தபால் வந்தாலும் வாங்குங்கள், வந்த தேதியை உறை மேல் எழுதிவையுங்கள். வாங்காமல் திருப்பி அனுப்பினால் நோட்டீஸ் செல்லாது என்று டீக்கடையில் சொல்வதை நம்பாதீர்கள்.

கடைசியாக நீங்கள் கேட்டது, மனைவியின் நகையை வங்கியில் வைத்துத் தவணை கட்டலாமா என்று. புதுக் கடை எப்போது திறக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால், ஒரு தவணைக்கு மட்டும் வையுங்கள். அது 90 நாளைத் தாண்டாமல் காப்பாற்றும். கடை எப்போது என்று தெரியாவிட்டால் நகையைத் தொடாதீர்கள். ஆறு மாதம் நகையை வைத்து வீட்டைக் காப்பாற்றி, ஏழாவது மாதம் இரண்டும் போன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நிலைமை வந்தால், வங்கியிடம் சொல்லிவிட்டு நீங்களே வீட்டை நல்ல விலைக்கு விற்று, வாங்குகிறவர் பணத்தில் கடனை அடைத்து மீதியை எடுத்துக்கொள்வது ஏலத்தைவிட எவ்வளவோ மேல். முழுக் கடனும் அடைந்த 30 நாளுக்குள் மூலப்பத்திரத்தை வங்கி திருப்பித் தர வேண்டும், தங்கள் தவறால் தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். ஆனால் உங்கள் விஷயம் அந்த அளவுக்குப் போகவில்லை. நாளைக்குக் கணக்கு அறிக்கையை வாங்கியதும் அபராதம், கட்டணம் என்று போட்டிருக்கிற வரிகளை அப்படியே எழுதி அனுப்புங்கள், கணக்கு எண்ணை மறைத்துவிட்டு. பார்த்துச் சொல்கிறேன்.